உச்சி வரிசையில் சரந்தோஸ் அத்தான்

என் அக்கா புருஷன் சரந்தோஸுக்குக் காது கேட்காது என்பது எங்கள் ஊர் அமலியாதாவில் எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர. அவரைக் கேட்டால், உலகமே முணுமுணுக்கப் பழகிவிட்டது என்பார். பாதிரியார் முணுமுணுக்கிறார், டிவியில் செய்தி வாசிக்கிறவள் முணுமுணுக்கிறாள். மகள் மீர்சினி ஒரு தடவை வற்புறுத்திக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். இடது காது முழுக்கப் போய்விட்டது, வலது காதில் பாதிதான் மிச்சம், மெஷின் மாட்டினால் சமாளிக்கலாம் என்றார் டாக்டர். அத்தான் வெளியே வந்து, "நல்ல பையன்தான். ஆனா வாயத் தெறந்து பேச மாட்டேங்கறான். இவனெல்லாம் எப்படி டாக்டரானான்?" என்றார்.

நான் அந்தூலா, அவருடைய மச்சினி. அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். ஊரில் யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இதை வம்பு என்பார்கள். நான் ஆர்வம் என்பேன்.

அத்தானுக்குத் தொழிலே கத்துவதுதான். கோடையில் தர்பூசணி, குளிரில் உருளைக்கிழங்கு. பழைய பிக்கப் வண்டி, அதன் கூரையில் ஒரு கூம்பு ஸ்பீக்கர். மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். "வந்தாச்சு தர்பூசணி! கத்தி வெச்சு வெட்டிக் காட்டறேன்! செவப்பு இல்லேன்னா என் தலைல போட்டு ஒடைங்க!" அந்த ஸ்பீக்கர் இருந்தது அவருடைய இடது காதுக்கு நேர் மேலே. ஜன்னல் கண்ணாடியை ஏற்றவே மாட்டார், ஏற்றினால் முழங்கையை எங்கே வைப்பது? நாற்பது வருஷமாக ஊரை எழுப்பிய சத்தம் அவர் காதைத்தான் முதலில் தின்றது.

என் அக்கா ஹரிக்லியாவை அவர் மடக்கியதும் அந்த ஸ்பீக்கரை வைத்துத்தான். எங்கள் அப்பா வீட்டுக் கதவு மஞ்சள் நிறம். அத்தான் தெருவில் நுழைந்ததும் வண்டியை நத்தை மாதிரி ஓட்டுவார். "மஞ்சக் கதவு வீட்டுக்கு மட்டும் தேன் மாதிரி ஒரு பழம் தனியா எடுத்து வெச்சிருக்கேன்! வெளிய வந்து வாங்கிக்கலாம்!" தெருவே ஜன்னலுக்கு வந்துவிடும். அப்பா துடைப்பத்தோடு வெளியே வருவார். என் அக்காவோ கோழியைக் கூப்பிடக்கூடக் குரலை உயர்த்தாதவள். இந்த ஆளை எப்படிக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாய் என்று ஒரு நாள் குடைந்தேன். "எனக்கும் சேத்து அவரே கத்திடுவாருன்னு தோணிச்சு" என்றாள். அப்படித்தான் நடந்தது. வீட்டில் கேட்ட குரல் எல்லாம் அவருடையது, சமையலறையில் அவள் பேசியது அவளுக்கும் அடுப்புக்கும்தான் கேட்டிருக்கும்.

காது போனதை அவர் மறைத்த விதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். எங்கள் ஆட்கள் 'இல்லை' என்று சொல்ல வாயைத் திறப்பதில்லை. மோவாயை மேலே தூக்கி, புருவத்தை ஏற்றி, நாக்கால் ஒரு 'ட்ச்'. அத்தான் தனக்குக் கேட்காத எல்லாக் கேள்விக்கும் இந்த 'ட்ச்'சைப் போட்டுவிடுவார். அதனால் அந்த வீட்டுக்கு ஆறு வருஷமாகப் பெயிண்ட் அடிக்கவில்லை, மீர்சினியின் மாமியாரை ஈஸ்டருக்கு அழைக்கவில்லை, இன்னும் கொஞ்சம் பொரித்த கத்திரிக்காய் வேண்டுமா என்று கேட்டபோதெல்லாம் அவருக்குக் கிடைக்கவும் இல்லை. இளைத்துப் போனார் பாவம். எதிரே நிற்கிறவர் வாயைப் பார்த்தால் பாதி புரிந்துகொள்வார். மீதியைச் சிரித்துச் சமாளிப்பார்.

தர்பூசணியிடம் மட்டும் அது நடக்கவில்லை. முன்பெல்லாம் ஒரு தட்டு தட்டி, காதைச் சாய்த்து, இது நாளைக்கு, இது இன்றைக்கு என்று பிரித்துக் கொடுப்பார். இப்போதும் தட்டினார், காதைச் சாய்த்தார், முகத்தில் அதே பெரிய மனுஷத்தனம். பழம் உள்ளே வெள்ளையாக இருந்தது. ஊர்ப் பெண்கள் அதை என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போனார்கள், என்னமோ நான்தான் விளைவித்த மாதிரி.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் ஜூன் மாதம் அந்தக் குழந்தைத் தள்ளுவண்டி விஷயம் நடந்தது.

எங்கள் சந்தில் அத்தான் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பெண் தன் குழந்தையை வீட்டுக்குள்ளே படுக்கவைத்துவிட்டு, தள்ளுவண்டியைச் சந்திலேயே விட்டிருந்தாள். பிக்கப் பின்னால் வருவதைப் பார்த்ததும் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். அலறல் என் கடைக்குள் கேட்டது, நான் கத்திரியோடு வெளியே வந்தேன். அத்தானுக்குக் கேட்கவில்லை. அவர் பார்த்தது கண்ணாடியில் அவள் இரண்டு கையையும் விரித்து, உள்ளங்கைகளை அவர் பக்கம் நீட்டியதை மட்டும்தான். நிறுத்து என்று சொல்லத்தான் அவள் நீட்டினாள். ஆனால் எங்கள் நாட்டில் ஒருவர் முகத்துக்கு நேராக ஐந்து விரலை விரித்துக் காட்டுவதைவிடப் பெரிய வசவு கிடையாது. இரண்டு கையால் காட்டினால் வசவும் இரட்டிப்பு. அத்தானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, ஜன்னல் வழியாக இரண்டு கையையும் வெளியே நீட்டி, பத்து விரலால் பதில் மரியாதை செய்தார். கால் மட்டும் பெடலில் இருந்தது. தள்ளுவண்டி சக்கரத்துக்கு அடியில் அப்பளமாக நொறுங்கியது.

இறங்கி வந்து அதைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை. குழந்தை வீட்டுக்குள்ளே தூங்குகிறது என்று அவருக்குப் புரியவைக்க எனக்கும் அக்காவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் வெகு நேரம் ஆனது. மறுநாள் புதுத் தள்ளுவண்டி வாங்கி, அதில் ஒரு தர்பூசணியை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போய் அவள் வாசலில் விட்டார். ஆனால் ஒத்துக்கொண்டாரா? இல்லை. "ஒரு பொம்பள நடுத்தெருவுல என்னைத் திட்டறா. நான் என்ன, கைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

அதற்குப் பிறகுதான் மீர்சினி ஏதென்ஸிலிருந்து ஃபோன் போட்டு, ஆகஸ்ட் கடைசியில் எல்லோரும் டோலோ கடற்கரைக்கு விடுமுறை போகிறோம் என்று அறிவித்தாள். அத்தான் வாழ்க்கையில் கோடையில் விடுமுறை எடுத்ததே இல்லை, கோடை என்றால் அவருக்குத் தர்பூசணி. எங்கள் திட்டம் என்னவென்றால், ஊரைவிட்டு வெளியே, நல்ல சாப்பாட்டுக்கு நடுவில் வைத்து மெதுவாகப் பேச்சை எடுப்பது. வண்டியை விற்க வேண்டும், மெஷின் மாட்ட வேண்டும்.

முதல் நாள் காலையிலேயே மீர்சினிக்குப் பொறுக்கவில்லை. ரொட்டியை வைத்துவிட்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "அப்பா, அந்தத் தள்ளுவண்டில கொழந்த இருந்திருந்தா?"

இது அவருக்குப் புரிந்தது. காபியைக் கீழே வைத்தார். பிறகு மோவாயை மேலே தூக்கினார். "ட்ச்."

"வண்டிய வித்துடுப்பா."

"ட்ச்."

அக்கா அவர் தட்டில் இன்னொரு தக்காளித் துண்டை வைத்தாள்.

கடற்கரையில் அவர் இருந்த இருப்பைப் பார்க்க வேண்டும். குடைக்குக் கீழே, முழு நீளக் காற்சட்டையோடு, பாக்கெட்டில் பிக்கப்பின் சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிக்கப் இருந்தது அமலியாதாவில். நாங்கள் வந்தது மீர்சினியின் காரில். இரண்டாம் நாள் பக்கத்துக் குடைக்காரர்களின் தர்பூசணியைத் தட்டிப் பார்க்கக் கிளம்பியதும் மீர்சினி தலையில் அடித்துக்கொண்டாள். "போதும். பழைய கல்லையாவது பாக்கப் போலாம். அங்க தட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது."

அப்படித்தான் மைசீன் என்ற இடிந்த பழைய கோட்டைக்குப் போனோம். எனக்கு இந்த மாதிரி இடங்கள் என்றால் கொள்ளை ஆசை. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே யார் யாரோடு பேசாமல் இருந்தார்கள், ராணிக்கு முடி வெட்டியது யார் என்று நான் பாட்டுக்கு யோசித்துக்கொண்டே நடப்பேன். அத்தானுக்கும் ஆசை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேலே இரண்டு சிங்கம் செதுக்கிய சிங்க வாசலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ரெண்டு சிங்கத்துக்கும் தலையக் காணோமே?"

"எப்பவோ விழுந்துடுச்சாம் அத்தான்."

"அந்தக் கீழ்க் கல்லு எவ்வளவு கனம் இருக்கும்? எந்த வண்டில ஏத்திக்கிட்டு வந்திருப்பான்? இந்த மேட்டுல முதல் கியர்லகூட ஏறாதே!" வாசலை இந்தப் பக்கமிருந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து பார்த்தார். கல்லில் வண்டிச் சக்கரம் உரசிய தடம் ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து தேடினார். நானும் கூடக் குனிந்தேன். அக்கா நிழலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ராஜாவின் கல்லறை. மலையைக் குடைந்து, கல்லை வட்ட வட்டமாக அடுக்கி, மேலே போகப் போகக் குறுக்கிக் கட்டியது. உள்ளே இருட்டு, குளிர்ச்சி. அத்தான் நடுவில் போய் நின்று, எப்போதும் பேசுகிற குரலில், "ஹரிக்லியா, இங்க தர்பூசணி அடுக்கி வெச்சா ஒரு மாசம் கெடாது" என்றார்.

அந்தக் கூம்பு அவர் பேச்சை வாங்கிச் சுழற்றி மேலிருந்து அவர் தலையிலேயே கொட்டியது. அத்தான் அப்படியே நின்றுவிட்டார். மறுபடி ஒரு வார்த்தை சொன்னார். அதுவும் திரும்பி வந்தது. அவர் முகத்தை நான் மறக்க மாட்டேன். காதில் இப்படி ஒன்று விழுந்து அவருக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்க வேண்டும்! அவருக்கு எப்படிக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு அரித்தது. ஒருவரும் பார்க்காதபோது இரண்டு காதிலும் விரலை அடைத்துக்கொண்டேன். சத்தம் எங்கேயோ தூரத்து அறையில் நடக்கிற மாதிரி ஆனது, உதடுகள் மட்டும் அசைந்தன. இரண்டு நிமிஷம்கூடத் தாங்க முடியவில்லை, விரலை எடுத்துவிட்டேன்.

"கேக்குது!" என்று அவர் கத்தினார். "பாத்தியா மீர்சினி? என் காதுல ஒரு கொறையும் இல்ல. இப்ப கட்டற செவுருதான் மட்டம். பழையவங்க கட்டினா எல்லாம் கேக்குது!"

பக்கத்தில் ஒரு வழிகாட்டிப் பெண் தன் கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே, "இதுக்கே இப்படின்னா எப்பிதாவ்ரோஸ் நாடக மேடைக்குப் போய்ப் பாருங்க தாத்தா. நடுவுல நின்னு ஒரு தீக்குச்சி கிழிச்சா உச்சி வரிசைல கேக்கும்பாங்க" என்றாள். அவருக்கு விளங்க அதை இரண்டு முறை, வாயை நன்றாகத் திறந்து சொல்ல வேண்டியிருந்தது.

அத்தான் எங்களைத் திரும்பிப் பார்த்தார். கண் பளபளத்தது. ஏதோ வில்லங்கம் வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சரி. நாளைக்கு அங்க போறோம். நான் உச்சில உக்காருவேன். ஹரிக்லியா கீழ நடுவுல நின்னு, வீட்டுல பேசற மாதிரி, ஒரு விஷயம் சொல்லட்டும். கத்தக் கூடாது. நான் என்னன்னு சரியாச் சொல்லிட்டேன்னா, காதப் பத்தியும் வண்டியப் பத்தியும் இந்த வீட்டுல யாரும் சாகற வரைக்கும் மூச்சு விடக் கூடாது."

"சொல்லலேன்னா?" என்றாள் மீர்சினி.

அவர் பாக்கெட்டைத் தட்டினார். "அந்த எடத்துலயே சாவியத் தந்துடறேன். டாக்டர் என்ன மாட்டச் சொன்னாலும் மாட்டிக்கறேன். மாதா மேல ஆணை."

மீர்சினி உடனே கை கொடுத்தாள். அக்காவைக் கேட்டோம். அவள் கல்லறையின் மேல் முனையை அண்ணாந்து பார்த்தாள். "சொல்றேன்" என்றாள்.

என்ன சொல்லப் போகிறாய் என்று அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அவளைப் பிடுங்கினேன். மீன் பொரிக்கும்போது கேட்டேன், துணி உலர்த்தும்போது கேட்டேன். "நாளைக்கு நீயும்தான் மேல உக்காந்திருக்கப் போற. அப்பக் கேட்டுக்கோ" என்று விட்டாள். என் அக்காவிடமிருந்து என்னால் கறக்க முடியாத விஷயம் என்று ஒன்று இருந்ததே எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே எப்பிதாவ்ரோஸில் வெயில் ஏறிவிட்டது. பைன் மரங்களில் சில்வண்டுகள் காதைத் துளைத்தன. காது இருந்தவர்களுக்கு. மலைச் சரிவில் விசிறியை விரித்த மாதிரி கல் வரிசைகள் மேலே மேலே போயின. கீழே வட்டமாக மண் தரை, அதன் நடுவில் ஒரு சின்ன வட்டக் கல். அக்காவும் மீர்சினியும் கீழேயே நின்றார்கள். நானும் அத்தானும் ஏற ஆரம்பித்தோம். நான்தான் நடுவர், அவர் சொல்வது சரியா தப்பா என்று கீழே கை காட்ட வேண்டியவள்.

பாதியில் மூச்சு வாங்க நின்றார். என் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே, அவர் மெதுவென்று நினைக்கிற குரலில் சொன்னார். "அந்தூலா, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அவ பேசி முடிச்சதும் என் பக்கம் திரும்பி வாய மட்டும் அசச்சுடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

நான் அவரை முறைத்தேன். "அப்ப உங்களுக்குத் தெரியும்!"

"என்ன தெரியும்?"

"காது கேக்கலேன்னு!"

அவர் கல்லில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "வண்டி போச்சுன்னா நான் எங்க போவேன், சொல்லு? காபிக் கடைக்கா? அங்க எல்லாப் பயலும் ஒரே நேரத்துல பேசறான். யார் வாயப் பாக்கறது? சிரிக்கறானுங்க, நானும் சிரிக்கறேன். எதுக்குச் சிரிச்சேன்னு தெரியாது. வண்டில உக்காந்தா நான் மட்டும்தான் பேசறேன். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல."

நாற்பது வருஷமாக நான் கிண்டல் செய்த மனுஷன். அவர் மேல் எனக்கு இரக்கம் பொங்கியது. அக்கா மேல் கோபம்கூட வந்தது, இந்த ஆளிடமிருந்து எதற்காக வண்டியைப் பிடுங்க வேண்டும் என்று. "பாக்கலாம் அத்தான்" என்றேன். வாயை அசைத்துவிடுவது என்று மனதுக்குள் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன்.

உச்சி வரிசையில் உட்கார்ந்தோம். எங்களுக்குக் கீழே, நடு வரிசைகளில், ஏதோ ஊர்க் கோயில் சார்பில் பஸ் பிடித்து வந்த வயசானவர்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழே மேடையில் ஒவ்வொருவராகச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு வெளிநாட்டுக்காரர் காசைக் கல்லில் போட்டார். எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது, ஆசையினால் கேட்டதோ என்னவோ. ஆனால் பேச்சு கேட்பது நிஜம். கீழே ஒரு பிள்ளை ஐஸ்கிரீம் கேட்டான், அவன் அம்மா காலையில்தானே தின்றாய் என்றாள், அது என் மடியில் நின்று பேசிய மாதிரி மேலே வந்தது. எப்படி வருகிறது? கல்லா, சரிவா, காற்றா? நான் இடம் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன், எங்கே உட்கார்ந்தாலும் கேட்டது. அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முழங்காலில் கையை ஊன்றி, கழுத்தை நீட்டி, கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பருத்த ஆள் நடுவில் நின்று பாட ஆரம்பித்தார். காவல்காரப் பெண் விசிலை எடுத்து ஊதினாள், பாட்டு நின்றது.

"ஏன் நிறுத்திட்டான்?" என்றார் அத்தான்.

பிறகு அக்கா முன்னால் வந்தாள். கைப்பையை மீர்சினியிடம் கொடுத்துவிட்டு அந்த வட்டக் கல்லின் மேல் ஏறி நின்றாள். அவ்வளவு பெரிய இடத்தில் அவள் ஒரு விரல் அளவுதான் தெரிந்தாள். சர்ச்சில்கூடக் கடைசி வரிசையில் நிற்கிறவள் அவள். கையை ஒன்றோடொன்று பிசைந்தாள். மேலே எங்களைப் பார்த்தாள். அத்தான் தொப்பியை ஆட்டினார்.

அவள் சமையலறைக் குரலில்தான் பேசினாள்.

"சரந்தோஸ். போன குளிர்காலத்துல குளியலறைல வழுக்கி விழுந்தேன். ஆலிவ் பறிக்கப் போன எடத்துல விழுந்தேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன், அது பொய். எழுந்திரிக்க முடியல. உன்னைக் கூப்பிட்டேன். நீ அடுத்த அறைல உருளக்கெழங்கு மூட்டை தச்சுக்கிட்டிருந்த. கதவு திறந்துதான் இருந்துச்சு. உன் முதுகு எனக்குத் தெரிஞ்சுது. ரொம்ப நேரம் கூப்பிட்டேன். அப்புறம் நானா சுவத்தப் புடிச்சு எழுந்து வந்தேன். உன் வண்டி எனக்கு வேணாம். நீ ஓட்டு, இல்ல வித்துடு, எனக்கு அதப் பத்திக் கவல இல்ல. நான் கூப்பிட்டா நீ வரணும். அவ்வளவுதான்."

நிறுத்திவிட்டாள். சில்வண்டுகள் மட்டும் கத்தின. கோயில் பஸ்ஸில் வந்தவர்கள் விசிறுவதை நிறுத்தினார்கள். ஒரு கிழவி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அக்கா யாரைப் பார்த்துப் பேசினாள் என்று ஒவ்வொரு தலையாக எங்கள் பக்கம் திரும்பியது.

அத்தான் எழுந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "கேட்டாச்சு!" என்று ஸ்பீக்கரில் கத்துகிற குரலில் அறிவித்தார். "சாப்பாட்டுக்கு நேரமாச்சு, சீக்கிரம் எறங்கி வான்னு சொல்றா! வேற என்ன சொல்லுவா!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் கீழே வரிசையாகத் தன்னையே பார்க்கிற முகங்களைப் பார்த்தார். யாருடைய உதடும் அசையவில்லை, படிப்பதற்கு ஒன்றும் இல்லை. சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது. உட்கார்ந்து என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்னா?"

எனக்கு அவரைத் தெரிந்த காலத்தில், ஒருத்தி சொன்னதை இன்னொருத்தியிடம் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. வாயை அசைக்கலாம் என்று நினைத்திருந்தேன். உதடு நடுங்கியது, அதை அவரால் படித்திருக்க முடியாது. அவருடைய வலது காதில் வாயை வைத்து, என் அக்கா சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கத்திச் சொன்னேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அடுத்த வீட்டிலேயே இருந்துகொண்டு, ஊர் வம்பெல்லாம் தெரிந்த நான், அவள் கீழே கிடந்ததை அறியவில்லை. அத்தனை பேரும் அதை இரண்டாவது முறையாகக் கேட்டார்கள்.

முதுகு எனக்குத் தெரிஞ்சுது என்ற இடத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முடிக்கும் வரை விடவில்லை. பிறகு பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தார். அந்த உயரத்தில் அந்த வயதில் கைப்பிடி இல்லாமல் இறங்குவது பார்க்கவே பயமாக இருந்தது. கோயில் பஸ்காரர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள், ஒரு கிழவர் எழுந்து கை கொடுத்தார். அத்தான் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

மேடைக்குப் போனதும் அக்காவிடம் ஏதாவது பேசுவார் என்று நினைத்தேன். அவரோ அவளுக்கு மூன்றடி தள்ளி நின்று, அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். எங்களையெல்லாம் பார்த்தபடி நின்று, "இப்பக் கூப்பிடு" என்றார்.

"சரந்தோஸ்" என்றாள் அக்கா.

உச்சியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. அவர் அப்படியே நின்றார், மோவாயைக் கொஞ்சம் சாய்த்து, காத்துக்கொண்டு.

"சரந்தோஸ்."

இப்போதும் அசையவில்லை. மீர்சினி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். அக்கா இன்னொரு முறை கூப்பிட்டாள், அவள் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக அவள் யாரையும் கூப்பிட்டிருக்க மாட்டாள். காவல்காரப் பெண் விசிலை உதட்டுக்குக் கொண்டுபோனாள், ஊதவில்லை.

"கூப்பிட்டியா?" என்றார் அத்தான், எங்களைப் பார்த்தபடி. "கூப்பிட ஆரம்பிச்சுட்டியா?"

அக்கா கல்லைவிட்டு இறங்கிப் போய் அவர் தோளைத் தொட்டாள். அவர் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் இடுப்பை, கையை, முழங்காலை, எங்கே அடிபட்டிருக்கும் என்று தேடுகிற மாதிரி மேலும் கீழும் பார்த்தார். அவள் காதுக்கு அருகில் குனிந்தார். இது தங்கள் இருவருக்குள் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, அவரால் முடிந்த அளவு மெதுவாக ஒன்று கேட்டார். அது எல்லா வரிசைக்கும் கேட்டது.

"அன்னைக்கு ரொம்ப வலிச்சுதா, ஹரிக்லியா?"